வாய் மட்டும் உள்ள ரிப்பீட்டர்

புதுச்சேரியின் பாகூர் கொம்யூனில், செலியமேட்டில், ஒருவர் தன் வீட்டு மொட்டைமாடியில் இருவழி வானொலி ரிப்பீட்டர் ஒன்றை நிறுவி, அதை இணையத்தோடும் கோக்க ஆசைப்படுகிறார் என்று வையுங்கள். சாமான் பட்டியல் பெரிதில்லை. ரேடியோ செட் இரண்டு, டூப்ளெக்சர் ஒன்று, ஆன்டெனா, நல்ல கோஆக்சியல் கேபிள், உள்ளங்கையில் அடங்கும் ராஸ்ப்பெர்ரி பை கணினி, யுஎஸ்பி சவுண்ட் கார்டு, வீட்டு இன்வெர்ட்டருக்கு வாங்கிய 12 வோல்ட் பேட்டரி. எல்லாம் காசு கொடுத்தால் கிடைக்கும். அரசாங்கத்துக்கு அவர்மேல் நம்பிக்கை வர வேண்டும். அது மட்டும் எந்தக் கடையிலும் கிடைக்காது.

அந்த அவநம்பிக்கைக்கு வயது அதிகம். 1885-இல் ஆங்கிலேயன் தந்திச் சட்டம் போட்டான். அப்போது பாகூர் பிரெஞ்சுக்காரன் கையில். நம்மை ஆளாத வெள்ளைக்காரன் எழுதிய சட்டம், அவன் போன பிறகு வந்து நம்மை ஆண்ட பெருமை புதுச்சேரிக்கு உண்டு. 2013 ஜூலையில் தந்தி செத்தது. பிணத்தை எடுத்த பிறகும் தந்திச் சட்டம் பத்தாண்டுக்கு மேல் திண்ணையில் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தது. பிறகு 2023-இல் புதிய தொலைத்தொடர்புச் சட்டம் வந்தது. அனுமதியில்லாமல் தொலைத்தொடர்பு வலையமைப்பு நிறுவினால் 3 ஆண்டு வரை சிறை, அல்லது 2 கோடி ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டுமே. ஏரியைத் தூர்த்தவனுக்கும் வாய்க்காலை மடக்கி மனை போட்டவனுக்கும் இவ்வளவு கண்டிப்பான சட்டம் உண்டா என்று தெரிந்தவர்கள் சொல்லலாம்.

முறையாகப் போக வழி இருக்கிறது, மறுக்கவில்லை. அமெச்சூர் வானொலித் தேர்வு எழுத வேண்டும். 12 வயது ஆனாலே எழுதலாம். பிறகு உரிமத்துக்கு விண்ணப்பம், டில்லி, காவல்துறை விசாரணை, காத்திருப்பு. ரிப்பீட்டர் என்றால் அதற்குத் தனிக் கதை. நெடுங்காலம் இந்திய ஹாம்களை, அதாவது அமெச்சூர் வானொலிக்காரர்களை, கட்டிப்போட்ட விதிகள் 1978-இல் எழுதியவை. ரேடியோவை இணையத்தோடு கோக்கலாமா என்று அவற்றைப் புரட்டி விடை தேடுபவர், இந்நாட்டில் இணையம் வருவதற்கு முன்பு எழுதிய தாளில் இணையத்தைத் தேடுகிறார். சரி, ஏதோ ஓர் அலுவலகத்தில் கேட்கிறார் என்று வையுங்கள்.

“ரிப்பீட்டரா? எதை ரிப்பீட் பண்ணும்?”

“பேசறதைத்தான் சார்.”

“யார் பேசறதை?”

“லைசென்ஸ் வாங்கினவங்க பேசறதை.”

“எதுக்கு? உங்க ஊர்ல செல்போன் இல்லியா?”

“புயல் அடிச்சா அது நின்னுடும் சார்.”

“அப்ப புயல் அடிச்சப்புறம் வாங்க.”

கருவி செய்யும் வேலை இதைவிடச் சுலபம். கையில் பிடிக்கும் 5 வாட் செட்டின் குரல் நாலு தென்னந்தோப்பு தாண்டுவதற்குள் இளைத்துவிடும். ரிப்பீட்டர் உயரத்தில் நின்று அந்தக் குரலைக் காதில் வாங்கி, 600 கிலோஹெர்ட்ஸ் தள்ளி இன்னொரு அலைவரிசையில் அந்த நொடியே பலமாகத் திருப்பிச் சொல்லும். பக்கத்தில் உள்ள குட்டிக் கணினி அதே குரலை எக்கோலிங்க் போன்ற வலையில் ஏற்றிவிட்டால், பாகூரில் பேசுவது பாரிஸில் உரிமம் வைத்திருக்கும் சொந்தக்காரர் கையிலும் ஒலிக்கும்.

கட்டி முடித்ததும் கோளாறுகள் வரிசையில் வரும். முதலாவது, தன் குரலில் தானே செவிடாவது. ரிப்பீட்டரின் காது மைக்ரோவோல்ட்டில் ஒரு துணுக்கைக்கூடக் கேட்க வேண்டும். அதே கம்பத்தில், அதே நேரத்தில், அதன் வாய் 25 வாட்டில் கத்துகிறது. நடுவில் நிற்கும் டூப்ளெக்சர் அந்தக் கத்தலைப் பத்துக் கோடியில் ஒரு பங்காகவாவது குறைத்தால்தான் காது பிழைக்கும். டியூனிங் கொஞ்சம் பிசகினாலும் தொலைவிலிருந்து கூப்பிடுபவன் குரல் வெட்டி வெட்டி வந்து அறுந்துபோகும். கூப்பிட்டவனுக்குத் தெரியாது, ரிப்பீட்டருக்கும் தெரியாது. அதன் கணக்கில் அது பிரமாதமாக ஒலிபரப்பிக்கொண்டிருக்கிறது. நம்மவர் ஸ்பானரும் மீட்டருமாக உட்கார்ந்து, உலோக உருளையின் தண்டை மயிரிழை மயிரிழையாக நகர்த்தி, லாக் நட்டை முறுக்கி, காதை மீட்டுவிடுவார். புதுச்சேரி அரசாங்கத்தின் லாக் நட்டை முறுக்க எந்த ஸ்பானர்?

கேட்கும் காது என்று இங்கே ஒன்று இருந்தது. அதன் பெயர் கிராமப் பஞ்சாயத்து. புதுச்சேரியில் 1968-க்குப் பிறகு உள்ளாட்சித் தேர்தல் நடந்தது 2006-இல். 2011-இல் அதில் வென்றவர்களின் பதவிக்காலம் முடிந்தது. 2024-இல் ஃபெஞ்சல் புயல் வந்து கதவைத் தட்டியபோதும் அடுத்த தேர்தல் நடந்திருக்கவில்லை. 98 கிராமப் பஞ்சாயத்து, 10 கொம்யூன் பஞ்சாயத்து. தேர்ந்தெடுத்த உறுப்பினர் ஒருவர் கிடையாது. ஆனால் பாரத்நெட் என்று சொல்லி, பஞ்சாயத்துதோறும் கண்ணாடி இழைக் கேபிள் கொண்டுவரும் திட்டம் மட்டும் உண்டு. ஆளில்லாத நாற்காலிக்கு அதிவேக இணையம்! உலகில் வேறு எந்த நாற்காலிக்கும் இந்த யோகம் வாய்த்திருக்காது.

இரண்டாவது கோளாறு, போகும், வராது. செல்போன் சிம் போட்ட ரௌட்டரில் எக்கோலிங்க்கைக் கோத்தால், கம்பெனி பல வாடிக்கையாளர்களை ஒரே பொது முகவரிக்குப் பின்னால் அடைத்து வைத்திருக்கும். 5198, 5199 போர்ட்டுகளுக்கு வெளியிலிருந்து வரும் அழைப்பு வாசலைக் கண்டுபிடிக்காமல் திரும்பிப்போகும். ஹாம்கள் பிராக்ஸி போட்டு இதைத் தீர்த்துவிட்டார்கள். சர்க்காரோ இந்தக் கோளாறையே கொள்கையாக வைத்திருக்கிறது. 2023-இல் வெயில் காயும் பட்டப்பகலில் எல்லாக் கைபேசியும் ஒரு நாள் அலறியதே, நினைவிருக்கிறதா? பேரிடர் எச்சரிக்கை ஒத்திகை. அவர்கள் சொல்வது நமக்கு வரும். ‘தண்ணி வாசப்படி ஏறிடுச்சு, படகு அனுப்புங்க’ என்று நாம் சொல்ல அதில் பொத்தான் கிடையாது.

மூன்றாவது, டோன். கண்ட இரைச்சலுக்கும் ரிப்பீட்டர் வாய் திறக்காமலிருக்க, குரலுக்கு அடியில் 88.5 ஹெர்ட்ஸ் போல ஒரு மெல்லிய தொனியைச் சேர்த்து அனுப்புவார்கள். அந்தத் தொனி இருந்தால்தான் கதவு திறக்கும். இல்லாதவன் தொண்டை கிழியக் கத்தினாலும் திறக்காது. நம் அலுவலகங்கள் இதை எந்த மின்னணுக் கருவியும் இல்லாமல் பல காலமாக நடைமுறைப்படுத்துகின்றன. அங்கே டோனுக்குப் பெயர் சிபாரிசுக் கடிதம்.

இருவழி வானொலியும் இணையமும் கலந்த சங்கதி ஏதோ அமெரிக்க ஆடம்பரம் என்று நினைப்பவர்கள் வில்லியனூர் வரை போய்விட்டு வரலாம். 1998-இல், நம்மில் பலர் இன்டர்நெட் என்ற சொல்லையே கேட்டிராத நாளில், எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அங்கே ஒரு மையம் வைத்தது. தொலைபேசிக் கம்பி வழியாக வில்லியனூருக்கு இணையம் வரும். அங்கிருந்து கிராமங்களுக்கு விஎச்எஃப் இருவழி வானொலியில் குரலும் தரவும் போகும். கரண்டு போனால் சூரியத் தகடு. எம்பலத்தில் கோயில் வளாகத்தில் பெண்கள் மையத்தை நடத்தினார்கள். வீராம்பட்டினத்தில் அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்திலிருந்து அலை உயரம் எடுத்து ஒலிபெருக்கியில் சொன்னார்கள். மீனவர்கள் அதைக் கேட்டுக் கடலுக்குப் போனார்கள்.

2004 டிசம்பர் 26 காலை. சிங்கப்பூரில் இருந்த நல்லவாட்டு இளைஞர் ஒருவர் தொலைக்காட்சியில் சுனாமிச் செய்தி பார்த்து ஊருக்குப் போன் போட்டார். அதே நிறுவனம் ஊரில் வைத்திருந்த அறிவு மையத்தின் கதவை உடைத்து, அதன் ஒலிபெருக்கியில் கூவினார்கள். மூவாயிரத்துக்கும் மேற்பட்ட மக்கள் பிழைத்தார்கள். அதே நாளில் போர்ட் பிளேயரில், 1987-க்குப் பிறகு முதல்முறையாக அந்தமானில் ஹாம் வானொலிக்கு அரசு அனுமதி தந்து வந்திருந்த குழுவின் தலைவர் பாரதி பிரசாத், தொலைபேசி அற்றுப்போன தீவின் செய்தியை உலகுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். பதினேழு ஆண்டு ‘பாதுகாப்புக் காரணத்துக்காக’ விலக்கி வைத்த கருவி, பாதுகாப்பு தேவைப்பட்ட நாளில் வேலை செய்தது. அனுமதி ஒரு மாதம் தாமதித்திருந்தால்? எந்தக் கோப்பில் அதற்குப் பதில் இருக்கிறது?

இவ்வளவு பார்த்த பூமி என்ன கற்றுக்கொண்டது? 2007 ஆகஸ்ட் 15-க்குள் ஊருக்கு ஒரு அறிவு மையம் என்று நாடு முழுக்க முழங்கினார்கள். மையம் வந்தது, ஆதார் பிரின்ட் எடுத்துத் தருகிறது. 2011-இல் தானே புயல், 2024 நவம்பர் 30-இல் ஃபெஞ்சல். புதுச்சேரியில் ஒரே நாளில் சுமார் 48 சென்டிமீட்டர் மழை. டிசம்பர் 2 விடியலில் தமிழ்நாட்டின் சாத்தனூர் அணையிலிருந்து வினாடிக்கு 1.68 லட்சம் கன அடி நீர். தென்பெண்ணை கரை ததும்பிப் பாகூர்ப் பக்கத்து ஊர்களுக்குள் புகுந்தது. அணை நீர் கடற்கரை வர மணிக்கணக்கு ஆகும். ஒரு சொல் வர ஒரு நொடி போதும். எச்சரித்தோம் என்றது தமிழ்நாட்டு அரசு. இல்லை என்றன எதிர்க்கட்சிகள். இந்தச் சண்டையும் ஒலிபரப்புத்தான், கேட்பவர் இல்லை. பிறகு ரேஷன் கார்டுக்கு 5,000 ரூபாய் என்றது புதுச்சேரி அரசு. முன்கூட்டி ஒரு வார்த்தை சொல்லச் செலவில்லை. அதனால்தான் யாரும் அதில் அக்கறை காட்டுவதில்லை போலும்.

உரிமமே வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. அலைவரிசை பொதுச் சொத்து; கண்டவன் கண்ட இடத்தில் கத்தினால் விமானத்துக்கும் ஆபத்து, ஆம்புலன்ஸுக்கும் ஆபத்து. கேட்பது இதுதான்: விண்ணப்பத்துக்குக் கெடு வைத்துப் பதில் சொல்லுங்கள். கொம்யூனுக்கு ஒரு ரிப்பீட்டர், அதற்கு ஒரு பேட்டரி, அதை இயக்கத் தெரிந்த நாலு பேர். இணையம் அறுந்தாலும் டவர் படுத்தாலும், கம்பமும் பேட்டரியும் நிற்கும்வரை அந்த நாலு பேரால் பாகூருக்குள் பேசிக்கொள்ள முடியும்.

பாகூர், வில்லியனூர்ப் பிள்ளைகளே, தேர்வை எழுதுங்கள், ரிப்பீட்டருக்கும் விண்ணப்பியுங்கள். தேதி முத்திரை குத்திய நகலைப் பத்திரமாக வைத்திருங்கள். அடுத்த வெள்ளம் வடிந்ததும் ‘எங்களிடம் யாரும் கேட்கவில்லையே’ என்று ஓர் அமைச்சர் மைக் பிடிப்பார். அந்த நகலை அவர் முகத்துக்கு நேரே நீட்டுங்கள்.