பார்டர்ல நிக்கிற மாப்ளைக்கு

வா மாப்ள, உக்காரு. வெறும் வயித்துல சர்க்கரை 112, மூணு மாசச் சராசரி 6.1. 'சுகரெல்லாம் இல்ல மாமா, பார்டர்லதான் இருக்கு'ன்னு சிரிக்கிறயே, பார்டர்ல காவல் நிக்க நீ என்ன பட்டாளத்துலயா சேந்திருக்க? வெறும் வயித்துல 100ல இருந்து 125, சராசரி 5.7ல இருந்து 6.4ன்னு டாக்டருங்க கோடு போட்டிருக்காங்க. நீ அதுக்கு நடுவுல சம்மணம் போட்டு உக்காந்திருக்க. துணைக்கு ஆளில்லைன்னு கவலப்படாத. இந்த நாட்டுல 13 கோடிக்கு மேல பேர் இப்பிடித்தான்னு 2023ல ஐசிஎம்ஆர்ங்கிற மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்துக் கணக்குச் சொல்லுச்சு.

உள்ள நடக்குறதக் கேளு. கல்யாணப் பந்தின்னு வச்சுக்க. சோத்துல இருந்து வர்ற சர்க்கரைதான் விருந்தாளி, சதையும் ஈரலும் பந்திக்கூடம், கையப் பிடிச்சு உக்கார வைக்கிற ஆளு இன்சுலின். நீயோ காலையில உக்காந்தா ராத்திரி வரைக்கும் நாற்காலிய விடுறதில்ல. சதை அசஞ்சு மொத பந்தி எந்திரிச்சாத்தான அடுத்த இலை விழும்? இடமில்லாத கூட்டம் ரத்தத்துலயே நிக்கிது. கணையம் இன்னும் ரெண்டு ஆள அனுப்புது, அப்புறம் நாலு ஆளு. ஒருநாள் அதுவும் துண்ட உதறிப் போட்டு அசந்து உக்காந்துரும். அன்னைக்குத்தான் உனக்குச் சர்க்கரை வியாதின்னு பேரு வைப்பாங்க. அதுக்கு முன்னாடியே ஈரல்ல கொழுப்புப் படியும், கண்ணு, நரம்பு, ரத்தக்குழாய் எல்லாத்துலயும் கைவரிசை ஆரம்பிச்சிரும். வலிக்காது. வலிச்சாத்தான நீ கேப்ப!

உங் கழுத்துக்குப் பின்னால கறுப்பா இருக்கே, அழுக்குன்னு தேங்கா நாரப் போட்டுத் தேய்ச்சயாம்? இன்சுலின் கூடிப்போனா தோலு அப்பிடித் தடிச்சுக் கறுக்கும்யா. நாரு என்ன பண்ணும்? அரைஞாண் கயித்த இந்த வருசம் எத்தன தடவ மாத்துன? நம்மூரு ஆம்பளைக்கு இடுப்பு 90 சென்டிமீட்டரத் தாண்டக்கூடாது.

டீக்கடையில 'சீனி இல்லாம'ன்னு ஊருக்கே கேக்குற மாதிரிச் சொன்ன. பின்னாடியே நாலு பரோட்டா உள்ள போனதையும் பாத்தேன். மைதா வயித்துக்குள்ள போயி வேற என்னவா ஆகும்னு நெனச்ச?

சென்னையில உன்ன மாதிரி பார்டர்ல இருந்த 531 பேர மூணு வருசம் பாத்து, 2006ல எழுதி வச்சிருக்காங்க. சும்மா விட்டவங்கள்ல நூத்துக்கு 55 பேருக்கு முழுச் சர்க்கரை வந்துருச்சு. நடையும் சாப்பாட்டுக் கட்டும் இருந்தவங்கள்ல 39. ரெண்டுக்கும் நடுவுல தப்பிச்ச அந்தப் 16 பேர்ல சேரப் பாரு.

தட்டுல சோத்தக் குறைச்சுக் காயக் கூட்டு. சாப்பிட்ட கையோட தெருவ ஒரு சுத்துச் சுத்து. மாத்திரை வேணுமா வேணாமான்னு டாக்டர் சொல்லட்டும், வருசத்துக்கு ஒருக்கா ரத்தம் குடுத்துப் பாரு. இப்ப வண்டிச் சாவிய இங்க வச்சிட்டு வீட்டுக்கு நடந்து போ. சாயங்காலம் நடந்து வந்து வாங்கிக்க.