அணைத்துப் போடுகையில் எத்தனை மாத்திரை?

வீட்டுக் கணினி எழ மறுத்தால் அதை அணைத்துப் போட வேண்டும் என்பதில் ஆன்றோரிடையே கருத்து வேறுபாடு இல்லை. கடைக்காரர், பக்கத்து வீட்டுக் கல்லூரி மாணவன், போனில் மூன்று கைமாறி வரும் சேவை மையத்தார் மூவரும் ஒரே வாக்கியத்தைத்தான் சொல்கிறார்கள். அணைத்தபின் எவ்வளவு நேரம் கழித்துப் போடுவது என்ற இடத்தில்தான் துறை சிதறிக் கிடக்கிறது. பத்து வரை எண்ணச் சொல்வார் உளர். முப்பது வினாடி என்பார் உளர். ஒரு காப்பி குடித்துவிட்டு வரச் சொல்வாரும் உளர். காப்பியின் அளவையும் சூட்டையும் இவர்கள் வரையறுக்காமல் விட்டது பெருங்குறை. இந்த இடைவெளி பற்றித் தமிழில் தனிநூல் எதுவும் கிடைக்கவில்லை. கிடைக்காததால் இருந்ததில்லை என்று ஆகாது. இறந்துபட்ட தமிழ் நூல்களின் பட்டியலில் யார் எதை வேண்டுமானாலும் சேர்க்கலாம், மறுக்க ஆதாரம் எவரிடமும் இராது. அந்த வசதியை நாடாமல் இக்கட்டுரை ஒன்றே ஒன்றை நிறுவ முயல்கிறது: தொடங்காத கணினியின் நோயைத் தீர்ப்பதில் பெரும்பங்கு இடைவெளிக்கே உரியது, அந்த இடைவெளியை நம் இலக்கணத்தார் தந்த மாத்திரைக் கணக்கால் அளந்து சொல்ல முடியும்.

முதலில் நோய்களை வகைப்படுத்த வேண்டும். வகைப்படுத்தாத கட்டுரையை எந்த ஆய்விதழும் ஏற்பதில்லை. வகைப்படுத்திய கட்டுரையை எந்த ஆய்விதழாசிரியரும் படிப்பதில்லை. நூலுக்கு நேரும் குற்றம் பத்து என்று நன்னூலார் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். அவை கணினிக்கும் பொருந்துவதால் புதிதாகச் சிந்திக்கும் சிரமம் இல்லாமல் போயிற்று. விசிறி சுற்றுகிறது, திரை கறுப்பாகவே நிற்கிறது என்றால் அது குன்றக் கூறல். டிஸ்க்கை அணுக முடியவில்லை என்ற ஒரு செய்திக்காக நீலத் திரை முழுக்க எண்ணும் எழுத்துமாக இறைப்பது மிகைபடக் கூறல். 2012இல் விண்டோஸ் 8 வந்தபோது அந்த எண்களை எடுத்துவிட்டு ஒரு சோக முகத்தை வைத்தார்கள், குற்றம் மறுபடி குன்றக் கூறலுக்கே போய்விட்டது. லோகோ வரை வந்து அணைந்து, மீண்டும் லோகோ வரை வந்து அணைவது கூறியது கூறல். ‘கீபோர்டு இல்லை, தொடர எஃப்1 விசையை அழுத்துக’ என்ற பழைய பயாஸ் வாக்கியம் மாறுகொளக் கூறலுக்கு இலக்கணமே எதிர்பார்க்காத அளவு தூய எடுத்துக்காட்டு. செருகி மறந்துபோன பென்டிரைவிலிருந்து தொடங்கப் பார்த்து, பூட் டிவைஸ் இல்லை என்பது வழூஉச்சொற் புணர்த்தல்; பென்டிரைவைப் பிடுங்கினால் தீரும். திரையில் புள்ளிகள் உற்சாகமாகச் சுழன்று, தளர்ந்து, நின்றேவிடுவது சென்று தேய்ந்து இறுதல். வீட்டில் இரண்டு நாள் எழாத பெட்டி கடைக்காரர் மேசையில் முதல் தட்டிலேயே எழுவது மயங்க வைத்தல். கடையில் இருப்பது வேறு மானிட்டர், வேறு பவர் கேபிள் என்பதை உரைகாரர்கள் கவனித்ததாகத் தெரியவில்லை. மற்றவை வெளிப்படை.

இவற்றுள் ஒலி எழுப்பும் கணினியை மட்டும் தனியே பிரித்துவிட வேண்டும். அதற்கு வேண்டியது இடைவெளி ஆராய்ச்சி இல்லை, யாப்பிலக்கணம். கணினி மின்சாரம் பெற்றவுடன் தன்னைத்தானே சோதித்துக்கொள்கிறது. திரைக்கு உயிர் வருமுன்பே பழுது தெரிந்தால் சொல்ல வேறு வழியின்றி ‘பீப்’ ஒலியால் சொல்கிறது. ஐபிஎம் 1981 ஆகஸ்டில் வெளியிட்ட முதல் பிசியிலேயே இந்த ஏற்பாடு உண்டு. இந்த ஒலிகள் குறில், நெடில் என இரண்டே வகை. எனவே அலகிடலாம். ஒரே ஒரு குறில் கேட்டால் நேரசை. நாள் என்னும் வாய்பாடு. வெண்பா முடிவதுபோலச் சோதனை நலமாக முடிந்தது என்று பொருள். ஒரு நெடிலும் இரண்டு குறிலும் கேட்டால் நேர் நிரை, அதாவது கூவிளம்; டிஸ்ப்ளே கார்டில் கோளாறு. மூன்று குறில் என்றால் நிரை நேர், புளிமா. ஏஎம்ஐ நிறுவனத்தின் பயாஸ் மரபில் இது ரேமைக் குறிக்கும். நான்கு குறில் கருவிளம், டைமர். ஐந்து குறில் கருவிளங்காய், பிராசசர். செலவும் காய்ச்சீர் அளவுக்கே நீளும். ஆனால் பாடபேதம் இங்கேதான் தலைதூக்குகிறது. ஐபிஎம் மரபில் நலம் சொல்லும் நாள், ஏஎம்ஐ மரபில் ரேம் பழுதைச் சொல்கிறது. ஒரு நெடில், மூன்று குறிலாகிய கூவிளங்காய் ஏஎம்ஐ மரபில் ரேம், ஐபிஎம் மரபில் டிஸ்ப்ளே. கூவிளம் ஒன்றில்தான் இரு மரபும் கைகுலுக்குகின்றன. புளிமா ஒலித்தால் ரேமைக் கழற்றி, பொன்முலாம் பூசிய அதன் பற்களைப் பென்சில் ரப்பரால் தேய்த்து மீண்டும் செருக வேண்டும் என்பது சென்னை ரிச்சி தெருக் கடைக்காரர்களின் உரைமரபு; ரப்பர்த் துகளைத் துடைக்காமல் செருகுவது அம்மரபில் பிற்காலத்து இடைச்செருகல். பீப் ஒலிக்கு ஒற்று இல்லையே, எப்படி அலகிடுவது என்று ஒருசாரார் வினவுவர். ஒற்று நீங்கினாலும் அசை அசையே என்று அவர்களை மறுத்த மற்றொரு சாராரின் கூற்று, ஓர் ஏட்டின் ஓரத்தில் வேறு கையெழுத்தில் இருந்ததாகவும், அந்த ஏட்டைக் கரையான் தின்றதை நேரில் கண்டவர் சொல்லக் கேட்டவர் எழுதிய முன்னுரையின் அடிக்குறிப்பு மூன்றாம் பதிப்பில் விடுபட்டதாகவும் வைத்துக்கொண்டால், இந்த ஐயம் முற்றிலும் நீங்கும். இப்போது வரும் பல மதர்போர்டுகளில் பீப் போடும் ஸ்பீக்கரே கிடையாது; அதற்குப் பதில் நான்கு குட்டி விளக்குகளை வைத்திருக்கிறார்கள். யாப்பு தெரியாத தலைமுறைக்கு அதுதான் ஏற்றது. மற்றொன்று விரித்தல் என்னும் குற்றம் இக்கட்டுரைக்கும் நேர்ந்துவிட்டது, மீள்வோம்.

இடைவெளியை அளக்குமுன், அணைப்பு உண்மையான அணைப்புதானா என்று பார்க்க வேண்டும். இங்கேதான் இத்துறையின் பெரும் பிழை ஒளிந்திருக்கிறது. விண்டோஸ் 8 முதல் ‘ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்’ என்ற ஏற்பாடு வந்தது. ஷட்டவுன் கொடுத்தால் நாம் திறந்த மென்பொருள்கள் மூடப்படுகின்றன. ஆனால் அமைப்பின் கருவும் அதன் டிரைவர்களும் இருந்த நிலையிலேயே டிஸ்க்கில் எழுதி வைக்கப்பட்டு, அடுத்த முறை அங்கிருந்தே எடுத்துக்கொள்ளப்படுகின்றன. நேற்றைய குழப்பம் பத்திரமாக உறையிலிடப்பட்டு இன்றைக்குத் திரும்பக் கிடைக்கிறது. ரீஸ்டார்ட் கொடுத்தாலோ இந்த உறை பயன்படாது. அமைப்பு அடியிலிருந்து ஏறுகிறது. ஆக, முழுசாக அணைத்ததாக நினைப்பவர் அணைக்கவில்லை. சும்மா ரீஸ்டார்ட்தானே என்று அலட்சியமாகச் செய்பவர்தான் அணைத்தவர். ஷட்டவுன் கொடுத்துவிட்டு விடிய விடியக் காத்திருந்தாலும் மென்பொருளைப் பொறுத்தவரை இடைவெளி சுழியம். வன்பொருளிலும் இதே கதைதான். டெஸ்க்டாப்பை அணைத்தபின்னும் பவர் சப்ளை ஐந்து வோல்ட்டை மதர்போர்டுக்கு அனுப்பிக்கொண்டே இருக்கும்; பட்டனை அழுத்தினால் விழித்துக்கொள்ள ஒரு காவலாள் வேண்டுமே. நெட்வொர்க் சில்லு போன்ற சில பகுதிகள் அந்த மின்சாரத்திலேயே கண்விழித்திருக்கும். அவற்றுக்குள் சிக்கிய குழப்பம் சுவரிலிருந்து பிளக்கைப் பிடுங்கினால் ஒழிய நீங்காது. பவர் பட்டனை நான்கு வினாடி அழுத்திப் பிடித்தால் கணினி கட்டாயமாக அணையும். அப்போதும் இந்த ஐந்து வோல்ட் போகாது. எனவே அணைப்பு என்று இனி இக்கட்டுரை சொல்வது பிளக்கைப் பிடுங்குதலையே குறிக்கும்.

இனி மாத்திரை. கண்ணிமைப்பது, கைநொடிப்பது ஆகியவற்றின் அளவே மாத்திரை என்று தொல்காப்பியம் தொடங்கி நம் இலக்கணங்கள் கூறும். அந்த அளவு எத்தனை மில்லி வினாடி? இங்கே 256 என்று கொள்கிறோம். ஏன் 256 என்று கேட்பவர் ஆய்வுலகுக்குப் புதியவர். விடை பொருந்தி வரவேண்டும் என்பதற்காகத்தான். பொருந்துகிறதா என்று பாருங்கள். சுவரில் மின்சாரம் நின்றபின் ஏடிஎக்ஸ் பவர் சப்ளை தன் கெபாசிட்டரில் தேங்கியதைக் கொண்டு ஏறக்குறைய 16 மில்லி வினாடி தாக்குப்பிடிக்கும். அது மாத்திரையில் மாகாணி. வீட்டில் விளக்கு ஒரு முறை சிமிட்டியும் கணினி அணையாமல் இருப்பது இந்த மாகாணியால். வழக்கமான டிராம் நினைவகம் தன்னிடமிருப்பதை 64 மில்லி வினாடிக்கு ஒருமுறை புதுப்பித்துக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் மறந்துவிடக்கூடும். அது கால் மாத்திரை, அதாவது மகரக்குறுக்கத்தின் அளவு. ஆகவே தொல்காப்பியர் காலத்திலேயே டிராம் இருந்தது என்று நிறுவ இன்னும் ஒரே ஒரு மாநாட்டு மலர்தான் பாக்கி. கட்டுரை ஏற்கப்படுவது உறுதி, பக்கத்துக்கு இத்தனை என்று பணம் கட்டினால் போதும். ஆனால் உண்மை வேறு பக்கம் இழுக்கிறது. பிரின்ஸ்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் முன்னின்று 2008இல் வெளியிட்ட ஆய்வு, மின்சாரம் போனபின்னும் டிராமில் இருந்தது உடனே அழிவதில்லை, சில வினாடிகளிலிருந்து நிமிடம்வரைகூட மங்கியபடி நிற்கும் என்று காட்டியது. தூசி ஊதும் ஸ்பிரே டப்பாவைத் தலைகீழாகப் பிடித்து நினைவகத்தை −50 டிகிரி செல்சியஸ் வரை குளிர்வித்தால் இன்னும் நெடுநேரம் நிற்கும். அதிலிருந்து இரகசியச் சாவிகளைக்கூட எடுத்துக்காட்டினார்கள். அதாவது கால் மாத்திரை என்பது நினைவகம் தரும் உத்தரவாதத்தின் அளவே தவிர, அது மறக்க எடுத்துக்கொள்ளும் நேரம் அன்று. இதைவிடத் தெளிவான சான்று பெட்டியைத் திறந்தாலே தெரியும். பல மதர்போர்டுகளில் ஒரு சிறு விளக்கு எரிந்துகொண்டிருக்கும். பிளக்கைப் பிடுங்கியபின்னும் அது உடனே அணையாமல், கெபாசிட்டரில் மிச்சம் தீரும்வரை சில வினாடி எரிந்துதான் மங்கும். அந்த விளக்கு எரியும்வரை கணினி இன்னும் அணையவில்லை. பிளக் பிடுங்கிய நிலையில் பவர் பட்டனை அழுத்தினால் அந்த மிச்சமும் சீக்கிரம் வடியும். பத்து வினாடி சுமார் 39 மாத்திரை. முப்பது வினாடி, சில்லறையை விட்டால், 117 மாத்திரை. முன்னது பெரும்பாலான பெட்டிகளுக்குப் போதும்; பின்னது ஐயத்துக்கு இடமின்றிப் போதும். காப்பி மிகை.

இதெல்லாம் மூடநம்பிக்கை, காரணம் தெரியாமல் அணைத்துப் போடுவது கண்ணை மூடிக்கொண்டு மருந்து விழுங்குவதுதான் என்பது முதல் மறுப்பு. 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்ட்ரைக் நிறுவனத்தின் ஒரு பழுதான பாதுகாப்புக் கோப்பு உலகெங்கும் விண்டோஸ் இயந்திரங்களை நீலத் திரையில் நிறுத்தியது. பாதிக்கப்பட்டவை 85 லட்சம் என்று மைக்ரோசாஃப்ட் மதிப்பிட்டது. அப்போது தன் அஜூர் மேகத்தில் இயங்கிய மெய்நிகர் இயந்திரங்களுக்கு அந்நிறுவனமே எழுதிய மருத்துவக் குறிப்பு, திரும்பத் திரும்ப ரீஸ்டார்ட் செய்யுங்கள், 15 முறைவரை தேவைப்படலாம் என்பது. உலகின் பெரிய மென்பொருள் நிறுவனம் பக்கத்து வீட்டுக் கல்லூரி மாணவனின் வாக்கியத்துக்கே வந்து சேர்ந்தது. அதில் மந்திரம் ஒன்றும் இல்லை. ஒவ்வொரு முறை எழும்போதும், விழுவதற்கு முன்னால் திருத்திய கோப்பை இறக்கிக்கொள்ள இயந்திரத்துக்கு ஒரு வாய்ப்பு கிடைத்தது. வாய்ப்புக் கிட்டாதவற்றில் சேஃப் மோடில் நுழைந்து அந்தக் கோப்பைக் கையால் அழிக்க வேண்டியிருந்தது. மருந்து வேலை செய்த இடத்திலும் செய்யாத இடத்திலும் காரணம் இருந்தது என்பதே இங்கு கொள்ள வேண்டியது. இரண்டாம் மறுப்பு நுட்பமானது: இடைவெளி கணினிக்கு ஒன்றும் செய்வதில்லை, அந்த அரை நிமிடத்தில் சும்மா நிற்க முடியாத மனிதன் மேசைக்குப் பின்னால் குனிந்து, தளர்ந்திருந்த மானிட்டர் கேபிளை அழுத்தி, எக்ஸ்டென்ஷன் பாக்ஸின் சுவிட்ச் போடாமல் இருந்ததைக் கண்டு, ஒன்றும் சொல்லாமல் நிமிர்ந்துவிடுகிறான். நன்னூல் கூறும் ஏழு மதங்களில் முதலாவது உடன்படல். ஆய்வரங்குகளில் மற்ற ஆறும் நல்ல வழக்கில் உள்ளன, இது மட்டும் அருகிவிட்டது. இம்மறுப்புக்கு முழுமையாக உடன்படுகிறோம். இடைவெளி யாருக்கு வேலை செய்தாலும் வேலை செய்கிறது. ஆயுத பூஜையன்று பெட்டிக்கு வைக்கும் சந்தனப் பொட்டின் பயனும் இத்தகையதே. காற்று போகும் துளையின்மேல் வைக்காதவரை அதற்கு மறுப்பில்லை.

ஆகவே முடிபு 117 மாத்திரை. பிளக் பிடுங்கியிருக்க வேண்டும். அதற்குள் பவர் பட்டனை ஒருமுறை அழுத்தியிருக்க வேண்டும். கேபிள்களைத் தொட்டுப் பார்த்திருக்க வேண்டும். இரண்டு முறை செய்தும் எழாவிட்டால் மூன்றாம் முறை அதே மருந்தால் எழும் என்று எதிர்பார்க்கச் சான்றில்லை. ஒரே ஒரு விலக்கு உண்டு. பெட்டிக்குள்ளிருந்து ஹார்ட்டிஸ்க் ‘டக், டக்’ என்று தட்டுவது கேட்டால் மாத்திரை எண்ண வேண்டாம், அலகிடவும் வேண்டாம். பழுதான டிஸ்க்கை ஒவ்வொரு முறை சுழலவிடுவதும் உள்ளே இருப்பதை மேலும் சிதைக்கலாம். பிளக்கைப் பிடுங்கியபடியே கடைக்குக் கொண்டுபோங்கள். கல்யாணப் போட்டோக்களுக்கு வேறெங்கும் நகல் இல்லையென்றால் அதை முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள், கடைக்காரர் ஃபார்மட் அடிப்பதற்கு முன்னால்.