ஒரு வோல்ட்டுக்கு ஒரு ஸ்தாயி

*மைக் செட் உரிமையாளர், ஆர்.எஸ்.மங்கலம்: 1970இல் ஒசாகா உலகக் கண்காட்சியில் மின்னணு இசைக்காரர்கள் எல்லாம் கூடினார்களாமே, அங்கே அப்படி என்ன விசேஷம்?*

உங்கள் தொழிலுக்கே அது தேர்த் திருவிழா! மேற்கு ஜெர்மனி ஓர் உருண்டை அரங்கம் கட்டியது. இசையமைப்பாளர் ஸ்டாக்ஹவுசனின் குழுவினர் கண்காட்சி நடந்த 183 நாளும், தினம் ஐந்தரை மணி நேரம் அதில் வாசித்தார்கள். உட்கார்ந்திருப்பவரின் தலைக்கு மேலும் ஸ்பீக்கர், காலுக்கடியிலும் ஸ்பீக்கர். நாம் குழாயை வேப்பமரத்தில் கட்டி ஊருக்கு அனுப்புகிற ஓசையை அவர்கள் ஆளைச் சுற்றிச் சுழல விட்டார்கள். இரும்பு உருக்காலைகளின் அரங்கில் செனாக்கிஸ், டாகெமிட்சு என்ற இசையமைப்பாளர்களின் இசை. பெப்சி அரங்கின் கண்ணாடிக் குவிமாடத்துக்குள் 37 ஸ்பீக்கர்களோடு டேவிட் டியூடர். இவரை நினைவில் வையுங்கள்.

*கல்லூரி மாணவர், தொண்டி: அந்தக் கூட்டத்தில் நம் நாட்டார் எவருமே இல்லையா?*

இருந்தார்கள் தம்பி, அகமதாபாத்தில் உட்கார்ந்தபடியே. 1969இல் அங்குள்ள தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் மூக் சிந்தசைசர் என்ற கருவியோடு ஒரு மின்னணு இசைக் கூடம் அமைத்துக் கொடுத்தவர் இதே டியூடர். அதற்கு வித்து 1946லேயே விழுந்துவிட்டது. பக்கவாஜ் வாசிக்கும் கீதா சாராபாய் நியூயார்க்கில் இசையமைப்பாளர் ஜான் கேஜுக்கு நம் இசையைச் சொல்லிக்கொடுத்து, அவரிடம் மேற்கத்திய இசையைக் கற்றுக்கொண்டார். கேஜின் உற்ற கூட்டாளிதான் டியூடர். அந்தக் கூடத்தில் அதுல் தேசாய் ஒசாகா கண்காட்சிக்கென்றே பதிவுகள் செய்தார். கீதா, ஐ.எஸ்.மாத்தூர், எஸ்.சி.சர்மா, ஜின்ராஜ் ஜோஷிபுரா ஆகியோரும் அங்கே இசை செய்தவர்கள்.

பிறகு அந்தப் பதிவு நாடாக்கள் ஆவணக் காப்பறையில் பல பத்தாண்டு உறங்கின. இசைக்கலைஞர் பால் பர்காஸ் தேடி எடுக்க, 2023இல் அவை வெளிவந்தன. 1986இன் ‘புன்னகை மன்ன’னிலிருந்தே மின்னணு இசைக் கதையைத் தொடங்கும் நமக்கு, அதற்கு 17 ஆண்டு முந்தைய இந்த அத்தியாயத்தை யாரும் சொல்லவில்லையே என்று எனக்குத் தாளாத ஆதங்கம்.

*நாகஸ்வரக் கலைஞர், திருவாடானை: மிஷினுக்குக் கமகம் வருமா ஐயா?*

வரும். மூக் கருவியில் சுருதியை ஆள்வது மின்னழுத்தம். ஒரு வோல்ட் கூட்டினால் ஒரு ஸ்தாயி ஏறும். அந்த ஒரு வோல்ட்டைப் பன்னிரண்டாக வெட்டினால் ஆர்மோனியம். வெட்டாமல் வழுக்கிக்கொண்டே போனால்? உங்கள் உதடும் மூச்சும் சீவாளியில் செய்கிற வேலைதான்! விரலை இழுத்து ஸ்வரத்தை வழுக்க ஒரு பட்டையையும், கருவிக்குத் தன் பெயரைத் தந்த மூக் தயாரித்தார்.

இன்னொன்று. அந்தக் காலத்து மூக் ஒரு சமயத்தில் ஒரே ஸ்வரம்தான் பாடும். பல ஸ்வரங்களை அடுக்கிப் பழகிய மேற்கத்தியருக்கு அது பெருங்குறை. நமக்கு அது குறையே இல்லை. பின்னால் ஒத்து பிடிக்க ஓர் ஆள் இருந்தால் கச்சேரி நடக்கும்.

*பாட்டு டீச்சர், தேவிபட்டினம்: எலக்ட்ரானிக் தம்புரா யார் கைவண்ணம்?*

பெங்களூர் ராஜ் நாராயண். 1979. புல்லாங்குழல் வாசிக்கும் பொறியாளர்.

*பத்தாம் வகுப்பு மாணவி, ஆர்.எஸ்.மங்கலம்: எனக்கும் இப்படி இசை செய்ய ஆசை. எங்கே தொடங்குவது?*

உன் வீட்டுப் பக்கத்திலேயே, கண்ணு. அகமதாபாத் கூடத்தில் ஐ.எஸ்.மாத்தூர் மூக் கருவியை வைத்துச் செய்த இசை ஒன்றின் பெயர் ‘மை பேர்ட்ஸ்’, என் பறவைகள். உன் ஊரோ, ‘நாரை பறக்காத 48 மடைக் கண்மாய்’க்குப் பேர் வாங்கிய ஊர்; நாரையே பறந்து கடக்க முடியாத அளவு பெரிது என்று பொருள். மழை பெய்து கண்மாய் பெருகட்டும். விடியற்காலை அப்பாவின் போனை வாங்கிக்கொண்டு கரைக்குப் போ. மடையில் தண்ணீர் விழும் சத்தம் ஐந்து நிமிடம், கொக்கு நாரைச் சத்தம் ஐந்து நிமிடம் பதிவு செய். உன் இசைக்கு அதுவே முதல் சரக்கு. போன் பத்திரம், கரை வழுக்கும்.