ஒட்டுப் பிறந்தநாள்: பண்டிகைக் காலப் பிறப்புகள் குறித்த ஓர் ஆய்வு

1. ஆய்வுச் சிக்கல்

தமிழ்க் குடும்பத்துப் பிறந்தநாள்கள் இரு வகைப்படும். வேறு விசேஷம் எதுவும் இல்லாத நாளில், காலையில் பாயசம், மாலையில் கேக் என்று தன் காலில் நிற்பது தனிப் பிறந்தநாள். தீபாவளியோடோ பொங்கலோடோ ஒட்டிக்கொண்டு, அதன் பாயசத்தையே தன் பாயசமாகவும் அதன் துணியையே தன் துணியாகவும் கணக்குக் காட்டுவது ஒட்டுப் பிறந்தநாள். இந்த இரண்டாம் வகையினருக்கு என்ன நேர்கிறது, ஏன் நேர்கிறது, தப்பிக்க வழி உண்டா என்பன இக்கட்டுரையின் வினாக்கள்.

ஆய்வுக் களம் ஒரு கூட்டுக் குடும்பத்தின் சமையலறை வாசல். தகவலாளிகள்: ஒரு பாட்டி, இரண்டு அத்தைகள், பாதிக்கப்பட்ட தரப்பில் தீபாவளிக்குப் பிறந்த பேத்தியும் பொங்கலுக்குப் பிறந்த பேரனும். தாத்தாவையும் பேட்டி கண்டோம். எல்லா வினாக்களுக்கும் "பாட்டியைக் கேளு" என்றே விடையளித்ததால், அவருடைய தரவு பாட்டியின் தரவோடு சேர்த்துக்கொள்ளப்பட்டது.

2. காரணவியல்

பிறப்பின் காலத்தைக் கட்டுப்படுத்த நம் முன்னோர் முயலவில்லை என்று சொல்ல முடியாது. ஆடி மாதத்தில் புதுப்பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்துக்கொள்ளும் வழக்கத்துக்கு, சித்திரை வெயிலில் பிரசவம் நேரக் கூடாது என்ற காரணத்தையே பெரியவர்கள் சொல்வார்கள். இவ்வளவு தூரம் யோசித்தவர்கள் அடுத்த கணக்கைப் போடாமல் விட்டதுதான் புதிர். தை பிறந்தால் வழி பிறக்கும் என்று சொல்லித் தையில் கல்யாணத்தை முடிக்கிறார்கள். தையிலிருந்து ஒன்பது மாதம் எண்ணினால் வந்து நிற்பது ஐப்பசி. சித்திரையில் முகூர்த்தம் வைத்தால் வந்து நிற்பது தை. ஆக, ஒட்டுப் பிறந்தநாளின் விதை கல்யாண மண்டபம் பதிவு செய்யும்போதே விழுந்துவிடுகிறது.

இதன் பொருளாதார விளைவு மாமனார் தலையில் விடிகிறது. தலைத் தீபாவளிக்கு மாப்பிள்ளைக்குப் போட வேண்டிய மோதிரமும் மகளின் பிரசவச் செலவும் ஒரே மாதத்தில் வருகின்றன. பிறக்கும்போதே பட்ஜெட்டில் இடித்துக்கொண்டு பிறந்த குழந்தைக்குப் பின்னாளில் தனியாக ஒரு சட்டை எடுக்க யாருக்கும் தோன்றாததன் வேர் இங்கே இருக்கலாம்.

3. இழப்புகளின் வகைப்பாடு

(அ) துணி இழப்பு. "இப்பத்தானே தீபாவளிக்கு எடுத்தோம், அதையே போட்டுக்கோ" என்ற வாக்கியம் இதன் முதன்மைச் சான்று. புதுத்துணி ஒரு முறைதான் புதிதாக இருக்க முடியும் என்ற பேத்தியின் வாதம், "துவைச்சு இஸ்திரி போட்டா புதுசுதான்" என்ற அத்தையின் எதிர்வாதத்தால் தள்ளுபடியானது.

(ஆ) கவர் இழப்பு. தீபாவளிக்கும் பிறந்தநாளுக்கும் சேர்த்து ஒரே கவர் கொடுக்கப்படுகிறது. "ரெண்டுக்கும் சேர்த்து வச்சிருக்கேன்" என்று சொல்லியே கொடுக்கிறார்கள். மற்றப் பிள்ளைகளுக்குத் தீபாவளிக்கு மட்டும் கொடுத்த கவரில் எவ்வளவு இருந்தது என்பதை ஒப்பிட்டுப் பார்க்கும் ஆய்வுமுறை, குடும்ப அமைதி கருதிக் கைவிடப்பட்டது.

(இ) பள்ளி இழப்பு. இதுவே மிகக் கொடியது. பிறந்தநாளன்று சீருடை இல்லாமல் கலர் டிரஸ்ஸில் வகுப்புக்குப் போவதும், நெருங்கிய தோழியைத் துணைக்கு அழைத்துக்கொண்டு மற்ற வகுப்பு டீச்சர்களுக்கும் சாக்லேட் கொடுக்கப் போவதும், அந்தச் சாக்கில் கணக்குப் பாடத்தின் பாதியைத் தொலைப்பதும் தமிழ்நாட்டுப் பள்ளிப் பிள்ளைகளின் பிறப்புரிமை. பண்டிகை விடுமுறையில் பிறந்த பிள்ளைக்கு இந்த உரிமை கிடையாது. 2020இல் தீபாவளி, நேருவின் பிறந்தநாளான நவம்பர் 14 அன்றே வந்தது. குழந்தைகள் தினமே பண்டிகையில் கரைந்துபோனபோது குழந்தைகள் எம்மாத்திரம்?

(ஈ) கேக் சிக்கல். தீபாவளியும் அமாவாசையும் அடுத்தடுத்தோ ஒன்றாகவோ வருவதால் முட்டை இல்லாத கேக்தான் வீட்டுக்குள் வரலாம். வந்தபின் மெழுகுவத்தி பிரச்சினை. "நல்ல நாளும் அதுவுமா விளக்கை ஊதி அணைப்பாங்களா?" என்பது பாட்டியின் நிலைப்பாடு. நேரமும் ஒத்துழைப்பதில்லை. 2018இல் உச்ச நீதிமன்றம் பட்டாசுக்கு இரண்டு மணி நேரம் என்று வரையறுத்தபின், தமிழ்நாட்டில் அது காலை 6 முதல் 7 வரை, மாலை 7 முதல் 8 வரை எனப் பிரிக்கப்பட்டது. ஏழு மணிக்குக் கேக் வெட்டினால் பாட ஆள் இல்லை, எல்லோரும் தெருவில். எட்டு மணிக்கு வெட்டினால் தின்ன ஆள் இல்லை. அதிரசமும் மைசூர்பாகும் தின்று தீர்த்து, லேகிய டப்பாவைத் தேடிக்கொண்டிருப்பார்கள்.

4. நாள்காட்டிக் கோட்பாடு

இக்கட்டுரையின் தலையாய கண்டுபிடிப்பு இப்பகுதியில் உள்ளது. அவசர வாசகர்கள் மற்றதை விட்டுவிட்டு இதை மட்டும் படித்தாலும் போதும்.

தமிழர் ஒவ்வொருவருக்கும் பிறந்தநாள் இரண்டு: இங்கிலீஷ் தேதி ஒன்று, தமிழ் மாதமும் நட்சத்திரமும் சேர்ந்தது மற்றொன்று. (ஐந்து வயது நிரம்பிவிட்டதாகக் காட்டத் தலைமையாசிரியர் போட்டுக் கொடுத்த மே, ஜூன் தேதி தாத்தாக்களுக்கு மூன்றாவதாக உண்டு. பணி ஓய்வுக்கு மட்டுமே பயன்பட்ட அது இங்கே ஆராயப்படவில்லை.) எனவே ஒன்று பண்டிகையில் இடித்தால் மற்றதற்குத் தாவிவிடலாமே என்று தோன்றும். தாவலாம். ஆனால் எதிலிருந்து எதற்கு என்பதில்தான் சூட்சுமம்.

தீபாவளி சந்திரனை வைத்துக் கணிப்பது. 2023இல் நவம்பர் 12, 2024இல் அக்டோபர் 31, 2025இல் அக்டோபர் 20 என்று முன்னே ஓடிவந்து, 2026இல் நவம்பர் 8க்குத் தாவுகிறது. சந்திரனும் சூரியனும் பழைய கணக்குக்குத் திரும்ப 19 ஆண்டுகள் ஆகும். ஆகவே தீபாவளியன்று பிறந்த பேத்தி இங்கிலீஷ் தேதியைப் பிடித்துக்கொண்டால் பெரும்பாலான ஆண்டுகளில் தப்பித்தாள். நட்சத்திரத்தைப் பிடித்தால் தொலைந்தாள். ஐப்பசியில் சூரியன் துலாத்தில் இருக்கிறது. தேய்பிறைச் சதுர்த்தசியில் சந்திரன் அதற்குச் சற்றுப் பின்னால் வருவதால் அன்று அஸ்தம், சித்திரை, சுவாதி ஆகியவற்றில் ஒன்றாகவே பெரும்பாலும் இருக்கும். ஐப்பசிச் சித்திரையில் பிறந்தவர் தீபாவளியிலிருந்து ஓரிரு நாளுக்கு மேல் விலக முடியாது. எப்போதாவது தீபாவளி மாதத் தொடக்கத்திலேயே வந்துவிட்டால், கடைசியில் அதே நட்சத்திரம் இன்னொரு முறை தலைகாட்டும். ஆனால் அதற்குள் வீட்டில் எண்ணெய்ச் சட்டியைப் பார்க்கவே யாருக்கும் மனமிருக்காது.

பொங்கல் இதற்கு நேர்மாறு. அது சூரியனுடையது, ஜனவரி 14, தவறினால் 15. அன்று பிறந்த பேரனுக்கு இங்கிலீஷ் தேதியில் விடுதலையே இல்லை. அவனைக் காப்பாற்றுவது நட்சத்திரம். அது ஆண்டுக்குச் சுமார் பத்து நாள் முன்னே நகர்ந்து தை மாதம் முழுக்க உலாவும். (பொங்கலன்று பூச நட்சத்திரத்தில் பிறந்தவர்களுக்கு மட்டும் எங்கும் கதியில்லை; தாவினால் தைப்பூசம். முருகனோடு பேசித் தீர்த்துக்கொள்ள வேண்டியதுதான்.)

சுருக்கமாக: தீபாவளிப் பிள்ளைக்கு இங்கிலீஷ் தேதி, பொங்கல் பிள்ளைக்கு நட்சத்திரம். களத்தில் கண்டதோ தலைகீழ். பேத்தியைப் பற்றிக் கேட்டால், "நமக்கெல்லாம் நட்சத்திரம்தான்டி கணக்கு. ஊரே வெடி வெடிச்சு உன் பிறந்தநாளைக் கொண்டாடுது, இன்னும் என்ன வேணும்?" என்றார் பாட்டி. பேரனைப் பற்றிக் கேட்டால், "சர்டிபிகேட்ல இருக்கிறதுதான்டா பிறந்தநாள்" என்றார், அதே பாட்டி, அதே ஊஞ்சலில், அதே வெற்றிலையை மென்றபடி.

5. முன்னுதாரணங்கள்

கொண்டாட்டத்துக்கு வசதியான நாளில் பிறப்பதில் ராஜராஜ சோழனுக்கு நிகரில்லை. தஞ்சாவூரில் சதய விழா எடுக்கப்படுவது ஐப்பசியில்தான். ஆனால் சதயம் எப்போதும் தீபாவளிக்கு ஒரு வாரத்துக்கு மேல் தள்ளியே விழும். 1917 ஜனவரி 17இல் பிறந்த எம்.ஜி.ஆர். இன்னொரு வகை: பொங்கல் 15இல் வரும் ஆண்டுகளில் அவர் பிறந்தநாள் காணும் பொங்கலாகிவிடும். கூட்டம் தானே கூடிவிடும் ஒருவருக்கு அது இழப்பாகாது.

வெளிநாட்டு வழக்கு ஒன்றும் உண்டு. 1891இல் சமோவாவில் வாழ்ந்த எழுத்தாளர் ராபர்ட் லூயி ஸ்டீவன்சன், கிறிஸ்துமஸ் அன்று பிறந்ததால் தனிக் கொண்டாட்டம் இல்லாமல் போன ஆனி ஐடு என்ற சிறுமிக்குத் தன் பிறந்தநாளான நவம்பர் 13ஐச் சட்டப் பத்திரம் எழுதியே தானமாகக் கொடுத்தார். தனக்கு அதனால் இனி உபயோகமில்லை என்பது அவர் சொன்ன காரணம். அவள் அதை முறையாக அனுபவிக்காவிட்டால் உரிமை அமெரிக்க ஜனாதிபதியைச் சேரும் என்றொரு நிபந்தனையும் வைத்தார். பத்திரத்தில் குறையில்லை, ஆனால் தமிழ்நாட்டில் அது செல்லாது. 2012இல் தீபாவளி நவம்பர் 13.

6. எதிர்வாதமும் விதியும்

பாட்டி ஏன் இடிக்கும் நாள்காட்டியையே தேர்ந்தெடுக்கிறார்? சிக்கனம் என்று முதலில் கருதினோம். அத்தைகள் மறுத்தார்கள். பெங்களூரிலும் துபாயிலும் இருப்பவர்கள் ஊருக்கு வருவது தீபாவளிக்கும் பொங்கலுக்கும்தான். போன வருடம் அடம்பிடித்து இங்கிலீஷ் தேதியில் கொண்டாடிய பேத்தி, வீட்டிலிருந்த மூன்று பேரோடும் ஒரு வீடியோ காலோடும் கேக் வெட்டினாள். காலும் நடுவில் உறைந்துபோனது. இதிலிருந்து பெறப்படும் விதி: நாள் தனியாக வேண்டுமென்றால் ஆள் கிடைக்காது, ஆள் நிறைய வேண்டுமென்றால் நாள் கிடைக்காது.

7. பரிந்துரைகள்

ஒன்று, ஒட்டுப் பிறந்தநாள் பிள்ளைகளுக்குப் பள்ளி திறக்கும் முதல் நாளில் கலர் டிரஸ் அனுமதிக்கப்பட வேண்டும். இரண்டு, கவர்கள் இரண்டாகத் தரப்பட வேண்டும். உள்ளே இருக்கும் தொகையைப் பிரித்துப் போட்டாலும் ஆட்சேபமில்லை. மூன்று, கேக் வெட்டும் நேரம் காலை ஐந்து மணி, எண்ணெய்க் குளியலுக்கு முன்பு. அப்போதுதான் எல்லோரும் வீட்டுக்குள் இருப்பார்கள், எல்லோருக்கும் பசிக்கும்.

நான்கு, ஸ்டீவன்சன் வழியில், ஆடியில் பிறந்த உறவினர்கள் தங்கள் நாளைத் தானமாகக் கொடுக்கலாம். வீட்டில் ஆடிக்காரர் பெரிய அத்தை ஒருவரே. அவரை அணுகியபோது, யோசித்துச் சொல்வதாகவும், ஆனால் ஆடித் தள்ளுபடியில் எடுக்கும் புடவை மட்டும் தன்னுடையதாகவே இருக்க வேண்டும் என்றும் தெரிவித்தார்.