புரோக்கருக்கு ஒரு பாராட்டு விழா

இந்தக் கோடை முடிவதற்குள் தருமபுரி மாவட்டம் ஒரு நன்றிக்கடனைத் தீர்த்தாக வேண்டும். பஞ்சாலைக்கு ஆள் பிடிக்கும் மில் புரோக்கரை மேடைக்கு அழைத்து, பொன்னாடை போர்த்தி, 'பெண் பிள்ளைகளுக்கான சிறந்த தொழில் வழிகாட்டி' என்று ஒரு கேடயம் கொடுக்க வேண்டும். கேடயம் பித்தளையாக இருந்தாலும் போதும். மனிதர் விளம்பரம் விரும்பாதவர்.

வேறு யாருக்குக் கொடுப்பது? கோடை முகாம் நடத்துகிறவர்களுக்கா? அந்த முகாம்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். முகூர்த்தமில்லாத நாளாகப் பார்த்து ஒரு கல்யாண மண்டபத்தைப் பிடித்திருப்பார்கள். வாசலில் ஃபிளெக்ஸ்: 'பெண் குழந்தைகளுக்கான கோடைக்காலத் துறை அறிமுக முகாம்'. ஒரு மூலையில் கல்பனா சாவ்லா, மற்ற மூன்று மூலைகளிலும் உள்ளூர்ப் பிரமுகர். பென்னாகரம், பாப்பிரெட்டிப்பட்டி, காரிமங்கலம் பக்கத்துப் பிள்ளைகள் விடியற்காலையிலேயே எழுந்து, ரெட்டைச் சடை பின்னி, பத்து மணி நிகழ்ச்சிக்கு ஒன்பதுக்கே வந்து உட்கார்ந்துவிடுவார்கள். சிறப்பு விருந்தினர் பதினொன்றரைக்கு வருவார். வரவேற்புரை, தலைமையுரை, முன்னிலை உரை, வாழ்த்துரை எல்லாம் ஆண்கள். நன்றியுரை மட்டும் ஒரு டீச்சர்.

உரை எதுவானாலும் அதியமான் அவ்வைக்கு நெல்லிக்கனி கொடுத்ததில்தான் தொடங்கும். அதே அதியமான், அதே அவ்வையைத் தொண்டைமானிடம் தூது அனுப்பினான் என்பதை மட்டும் ஒருவரும் வாய் தவறிக்கூடச் சொல்வதில்லை. கனி கொடுத்துக் கும்பிடுவதில் சிரமமில்லை. பொம்பளையை அரசாங்க வேலையாகத் தனியாகக் காஞ்சிக்கு அனுப்புவதென்றால் இன்றைக்கும் பங்காளிகள் நாலு பேரைக் கேட்டாக வேண்டுமே.

பிறகு புரொஜெக்டர் ஓடும். விமானி, விண்வெளி ஆய்வாளர், ரோபோ, டேட்டா சயின்ஸ். திரையில் வருகிற பெண்கள் அத்தனை பேரும் வெள்ளைக் கோட்டு மாட்டிய வெளிநாட்டுக்காரிகள். நடுவில் கரண்டு போகும். கரண்டு வருவதற்குள் பேச்சாளர் மைக்கைப் பிடித்துக்கொண்டு கூட்டத்துக்குள் இறங்குவார்.

"நீ என்னவாகப் போறே பாப்பா?"

"கலெக்டர் சார்."

கைதட்டல் மண்டபத்தைப் பிளக்கும். கலெக்டர் கனவு நம் பெரியவர்களுக்கு ஏன் இவ்வளவு பிடிக்கிறது என்று நினைக்கிறீர்கள்? அதற்காக யாரும் எதுவும் செய்ய வேண்டியதில்லை. அந்தப் பிள்ளை எழுந்து, "சார், நான் ஐ.டி.ஐ.யில ஃபிட்டர் படிக்கணும், எங்க ஊருக்குக் காலையில ஏழரைக்கு ஒரு பஸ் விடுங்க" என்று சொல்லியிருந்தால் எவனாவது ஒருவன் போனை எடுத்து டெப்போவுக்குப் பேசியாக வேண்டும். அதனால்தான் சின்னக் கனவுகளுக்கு இங்கே கைதட்டல் விழுவதில்லை. மாலையில் சமோசா, டீ, பெயர் எழுத வேண்டிய இடத்தில் புள்ளிக்கோடு போட்ட சான்றிதழ். பெயரை அவளே எழுதிக்கொள்ளலாம். அந்த முகாமில் அவளுக்குக் கிடைத்த ஒரே சுதந்திரம் அது.

அரசு சும்மா இருக்கிறது என்று சொல்லவில்லை. 2022 மார்ச் 1 அன்று 'நான் முதல்வன்', அதே ஆண்டு ஜூன் 25-இல் 'கல்லூரிக் கனவு', செப்டம்பர் 5-இல் அரசுப் பள்ளியில் படித்துவிட்டு உயர்கல்விக்குப் போகும் பெண்களுக்கு மாதம் ஆயிரம் ரூபாய் தரும் 'புதுமைப் பெண்'. நல்ல திட்டங்கள், ஆயிரம் ரூபாய் நேரே அவள் வங்கிக் கணக்குக்குப் போகிறது. ஆனால் அந்தப் 'புதுமைப் பெண்' முந்தைய அவதாரத்தில் என்னவாக இருந்தாள் தெரியுமா? மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் பெயரில் 1989-இல் தொடங்கிய திருமண நிதியுதவி. கடைசியில் அது படித்த பெண்ணுக்குப் பணத்தோடு தாலிக்கு எட்டு கிராம் தங்கம் என்று வளர்ந்து நின்றது. பொட்டுக்கட்டும் வழக்கத்தை எதிர்த்துப் போராடிய பெண்மணியின் பெயரில், பெண்ணின் படிப்புக்குப் பரிசு தாலித் தங்கம்! படி, படித்தால் கட்டிக்கொடுக்க உதவுகிறோம் என்று பல வருஷம் இரண்டு கட்சி அரசுகளும் சொல்லிவிட்டு, இப்போது வந்து "ஏம்மா, உனக்கு லட்சியமே இல்லையா?" என்று கேட்கிறோம்.

புரோக்கரிடம் இந்த வளவளப்பு கிடையாது. பிளஸ் டூ ரிசல்ட் வந்த வாரமே டி.வி.எஸ். எக்ஸ்.எல். வாசலில் வந்து நிற்கும். திண்ணையில் உட்கார்ந்து ஒரு சொம்புத் தண்ணி வாங்கிக் குடிப்பார். மாணவியின் குடும்பப் பின்னணி பற்றி அவருக்கு இருக்கும் தரவு எந்த டேட்டா சயின்ஸ்காரனுக்கும் இருக்காது. குழுக் கடனில் எத்தனை தவணை பாக்கி, மூத்தவள் கல்யாணத்துக்கு யாரிடம் வட்டிக்கு வாங்கியது, அப்பன் டாஸ்மாக்கில் தினமும் எவ்வளவு விடுகிறான், எல்லாம் விரல்நுனியில்.

"யக்கா, மூணே வருஷம். முடிச்சா மொத்தமா அம்பதாயிரம் கைக்கு வந்துரும், பாப்பா கல்யாணத்துக்கு ஆச்சு. ஹாஸ்டல், சோறு எல்லாம் கம்பெனி. பயப்படவே வேணாங்க்கா, கேட்டத் தாண்டி வெளிய விடவே மாட்டாங்க."

கடைசி வாக்கியத்தை அவர் மிரட்டலாகச் சொல்லவில்லை, வசதியாகச் சொல்கிறார். தாயும் அதை வசதியாகத்தான் கேட்டுக்கொள்கிறாள். நம் ஊரில் பெண்ணைப் பெற்றவளுக்குப் பூட்டிய கேட்டைவிடப் பெரிய ஆறுதல் வேறு என்ன வைத்திருக்கிறோம்? முன்பணம் கைமாறும். வீட்டு வாசலுக்கே வேன் வரும். யோசித்துப் பாருங்கள்: வீடு தேடி வந்து ஆலோசனை, உடனடி உதவித்தொகை, இலவசப் போக்குவரத்து, தங்குமிடம், நூறு சதவீத வேலை. எந்த முகாம் இவ்வளவு செய்தது?

'சுமங்கலித் திட்டம்', 'மாங்கல்யத் திட்டம்', 'திருமகள் திருமணத் திட்டம்' என்று பஞ்சாலை முதலாளிகள் இதற்கு வைத்த பெயர்களில் குங்கும வாசனை தூக்கும். ஆலைப் பேச்சில் இதற்குக் கேம்ப் கூலி என்றே பெயர். ஆக, தருமபுரிப் பெண்களுக்கு முகாம் புதிதல்ல. திருப்பூர், கோவை, ஈரோடு, திண்டுக்கல் பக்கத்து ஆலை விடுதிகளில் வருஷம் முழுக்க நடக்கும் முகாம் அது. ரிங் ஃபிரேம் முன்னால் எட்டு மணி நேரம் நின்று, ஆள் வராவிட்டால் அடுத்த ஷிப்ட்டும் சேர்த்து நின்று, தலைமுடியிலும் மூக்கிலும் பஞ்சோடு படுக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை வார்டன் கூடவே வர, வரிசையாகக் கடைக்குப் போய் ஷாம்பு பாக்கெட் வாங்கலாம். இரண்டரை வருஷத்தில் உடம்புக்கு முடியாமல் வெளியே வந்தால் மொத்தத் தொகை போச்சு. கணக்குப் பாடம் அது. மருந்தியல் அறிமுகமும் உண்டு: தமிழ்நாட்டு ஆயத்த ஆடைத் தொழிற்சாலைகளில் மாதவிலக்கு வலி என்று சொல்லும் பெண்களுக்கு என்ன மாத்திரை என்றே தெரியாத மாத்திரைகளைக் கொடுத்து மெஷினில் உட்கார வைத்ததை 2019-இல் தாம்சன் ராய்ட்டர்ஸ் அறக்கட்டளை வெளியிட்டது. 2011-இலும் 2014-இலும் நெதர்லாந்து அமைப்புகள் இந்த ஆலைகள் பற்றி விரிவான அறிக்கைகள் போட்டன. ஐரோப்பாவின் சட்டைக் கம்பெனிகள் அதிர்ச்சி தெரிவித்தன. அறிக்கை வந்தபின் நடந்த பெரிய மாற்றம், 'சுமங்கலி' என்ற பெயரை யாரும் உரக்கச் சொல்வதில்லை என்பதுதான். இப்போது 'ஹாஸ்டல் வேலை'.

கேடயத்துக்குப் போட்டியாளர்கள் இல்லாமல் இல்லை. புரோக்கருக்கே முன்னோடியாக ஒரு வழிகாட்டி இருக்கிறார்: ஸ்கேன் மெஷினைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கும் தோட்டத்துக்கும் வருகிறவர். அவர் தொழில் ஆலோசனையை வயிற்றுக்குள்ளேயே முடித்துவிடுகிறார். பெண் என்றால் 'இந்தத் துறையில் வாய்ப்பு இல்லை'. கருவில் பாலினம் சொல்வதைத் தடுக்கும் சட்டம் 1994-இல் வந்தது. இந்த மாவட்டத்தில் அந்தக் கும்பல்கள் அண்மை ஆண்டுகளிலும் மாற்றி மாற்றிப் பிடிபட்டுக்கொண்டுதான் இருக்கின்றன. ஜாமீனில் வந்து அதே தொழிலைத் தொடர்ந்தவர்களும் உண்டு. 2001 கணக்கெடுப்பில் தருமபுரியில் ஆறு வயதுக்குட்பட்ட ஆயிரம் ஆண் குழந்தைகளுக்கு 826 பெண் குழந்தைகள். கைவிடப்படும் பெண் குழந்தைகளுக்காகச் சேலத்தில் 1992-இல் வைத்த அரசுத் தொட்டிலை 2001-இல் தருமபுரிக்கும் கொண்டுவந்தார்கள். 2011-இல் எண்ணிக்கை 913 ஆனது. முன்னேற்றம்தான், கைதட்டலாம். முகாமில் ரெட்டைச் சடையோடு உட்கார்ந்திருக்கும் ஒவ்வொரு பிள்ளையும் பிளஸ் டூவுக்கு முன்னால் எழுதித் தேறிய முதல் நுழைவுத் தேர்வு அது.

அடுத்தவர் தாய்மாமன். இவருக்கு முகாம் வேண்டாம், மண்டபம் போதும். முகூர்த்த நாளில் அதே மண்டபம், அதே பிளாஸ்டிக் நாற்காலி. 2006-ஆம் ஆண்டுச் சட்டம் பதினெட்டு என்கிறது. பத்திரிகை அடிக்காமல் குலதெய்வக் கோயிலில் முடித்துவிட்டால் சட்டத்துக்கு யார் தாம்பூலம் வைப்பது? 1098-க்குப் போன் போட்டுத் தன் கல்யாணத்தைத் தானே நிறுத்திய பிள்ளைகள் இங்கே இருக்கிறார்கள். அவர்களில் ஒருத்தியையாவது மேடை ஏற்றி, 'இவள் தைரியம் ஒரு தொழில் தகுதி' என்று எந்த முகாமிலாவது சொன்னார்களா? சொந்தக்காரன் ஓட்டு போய்விடும்.

தருமபுரிக்கு வேறொரு பெருமையும் உண்டு. தொடக்க விழாவுக்கு ராசியான மாவட்டம். தமிழ்நாட்டில் மகளிர் சுயஉதவிக் குழுக்கள் 1989-இல் இங்கேதான் தொடங்கின. மகளிர் உரிமைத் தொகைக்கான விண்ணப்பப் பதிவு முகாமை முதல்வர் 2023 ஜூலை 24 அன்று தொப்பூரில் தொடங்கி வைத்தார். எல்லாம் இங்கே தொடங்கும், எங்கே முடியும் என்று மட்டும் கேட்கக் கூடாது. எழுத்தறிவில் 2011 கணக்கெடுப்பில் 68.54 சதவீதத்தோடு மாநிலத்தின் கடைசி மாவட்டமாக நின்றதும் இதே ராசியான மாவட்டம்.

பெண்களுக்கு டவுன் பஸ் இலவசம். ஆனால் பஸ்ஸே வராத ஊரில் இலவசத்தை எதில் ஏறி அனுபவிப்பது? பென்னாகரம் பக்கத்துக் கோட்டூர் மலைக்கு ரோடு இல்லாமல், 2021 சட்டமன்றத் தேர்தல் வரை வாக்கு இயந்திரங்களைக் கழுதை மேல் ஏற்றித்தான் கொண்டுபோனார்கள். ஓட்டு மேலே ஏறிப்போகக் கழுதையாவது கிடைத்தது. மேல்படிப்புக்குக் கீழே இறங்கி வந்த பிள்ளைக்கு அதுவும் கிடைக்கவில்லை.

வீட்டை விட்டு வெளியே அனுப்பப் பெற்றோர் பயப்படுகிறார்கள், அவர்கள் மனநிலை மாற வேண்டும் என்று முகாமில் உபதேசம் செய்கிறவர்களே, கொஞ்சம் இருங்கள். இந்த மாவட்டத்துக்குக் கல்விச் சுற்றுலா வந்த பெண்களுக்கு என்ன நடந்தது? 2000 பிப்ரவரி 2. கோவை வேளாண்மைப் பல்கலைக்கழக மாணவிகளின் பஸ். ஒரு தலைவிக்கு ஊழல் வழக்கில் தண்டனை என்றதும், இலக்கியம்பட்டியில் அந்தப் பஸ்ஸுக்குத் தீ வைத்தார்கள். மூன்று மாணவிகள் உள்ளேயே கருகினார்கள். தீ வைத்த மூவருக்குக் கீழ்நீதிமன்றம் தூக்கு விதித்தது, உச்ச நீதிமன்றம் 2016-இல் ஆயுளாகக் குறைத்தது, 2018 நவம்பரில் எம்.ஜி.ஆர். நூற்றாண்டை முன்னிட்டு வெளியே விட்டார்கள். தூக்கு வேண்டுமென்று கேட்கவில்லை. நூற்றாண்டு விழாவுக்கு இனிப்புக் கொடுப்பது போல அந்த விடுதலையைக் கொடுத்தவர்கள், "பெண் பிள்ளையைத் துணிந்து வெளியே அனுப்புங்கள்" என்று மைக்கில் சொல்லும்போது நாக்கு கூசாதா என்றுதான் கேட்கிறேன்.

இதே மாவட்டத்தில் ஃபிளெக்ஸ் இல்லாமலும் காரியம் நடந்திருக்கிறது. சித்தேரி, கல்வராயன் மலைகளுக்கு நடுவே சிட்லிங்கியில் ரெஜி ஜார்ஜ், லலிதா என்ற டாக்டர் தம்பதி 1993-இல் ஒரு கூரைக் கொட்டகையில் மருத்துவம் பார்க்கத் தொடங்கினார்கள். அந்தப் பள்ளத்தாக்கின் பழங்குடிப் பெண் பிள்ளைகளையே நர்ஸ்களாகவும் சுகாதாரப் பணியாளர்களாகவும் பழக்கினார்கள். பிரசவ அறையில் கையைப் பிடித்துக் காட்டிக் கொடுத்த படிப்பு. அங்கேயே லம்பாடிப் பெண்கள் மறந்துபோன தங்கள் எம்பிராய்டரியை மீட்டு 'போர்கை' என்ற பெயரில் சொந்தமாகத் தொழில் நடத்துகிறார்கள். யாரும் அவர்களிடம் கனவைப் பற்றிக் கேட்கவில்லை. வேலையைக் கற்றுக்கொடுத்தார்கள், கூலியைக் கையில் கொடுத்தார்கள், ராத்திரி ஷிப்ட் முடிந்து வந்தால் படுக்க இடம் கொடுத்தார்கள். முப்பது வருஷமாயிற்று. இதைப் பார்த்துக் கற்றுக்கொள்ள நம் முகாம்காரர்களுக்கு நேரமில்லை. சிட்லிங்கி தூரமாம்.

சரி, விழாவுக்கு வருவோம். புரோக்கருக்குக் கேடயம், ஸ்கேன்காரருக்கு ஆறுதல் பரிசு, தாய்மாமனுக்குச் சந்தன மாலை. அது முடிந்ததும் அதே மண்டபத்தில் இரண்டு நாள் முகாமும் வைத்துவிடலாம். பங்கேற்பாளர்களை மட்டும் மாற்ற வேண்டும். டெப்போ மேலாளர், ஆலை முதலாளி, தொழிற்சாலை ஆய்வாளர், சட்டமன்ற உறுப்பினர், பெண்ணைப் பெற்ற அப்பன்மார், ஊர்க் கவுண்டர்கள், பங்காளிகள் எல்லோரும் காலை ஒன்பதுக்கே வந்து சம்மணம் போட்டு உட்கார வேண்டும். ரெட்டைச் சடைக்காரிகள் பதினொன்றரைக்கு வருவார்கள். மைக் அவர்களிடம். "ஏழரை பஸ் என்னாச்சு சார்?" "எங்கக்கா வாங்க வேண்டிய அம்பதாயிரம் எங்க சார்?" "ஹாஸ்டல்ல கக்கூஸுக்குத் தாழ்ப்பாள் எப்ப சார் போடுவீங்க?" ஒவ்வொருவராக எழுந்து நின்று பதில் சொல்லட்டும். 'ஆவன செய்யப்படும்' என்பவர் நின்றபடியே இருக்கட்டும். சமோசாவைக் கடைசியில் கொடுங்கள், பதில் சொன்னவர்களுக்கு மட்டும்.