எல்லாம் நானேதான்!

கேள்வி: அரைப்பது, பாக்கெட் போடுவது, கடைகளுக்குக் கொண்டுபோவது, கணக்கு எழுதுவது... மசாலாப் பொடித் தொழிலில் எல்லாமே நான்தான். சம்பளச் செலவே கிடையாது. நான் கெட்டிக்கார முதலாளிதானே?
- ஒரு வாசகர், விருதுநகர்

பதில்: கெட்டிக்காரத் தொழிலாளி. முதலாளி வேலைக்குத்தான் இன்னும் ஆள் போடவில்லை.

கேள்வி: தொழிலில் என் பலம் எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?
- கேட்டரிங் நடத்துபவர், தஞ்சாவூர்

பதில்: ஒரு வாரம் ஊருக்குப் போய்விட்டு வாருங்கள். நீங்கள் இல்லாதபோது எதன் ருசி குறைந்தது என்று வாடிக்கையாளர்கள் சொல்கிறார்களோ, அது உங்கள் பலம். பீரோ சாவி உங்கள் இடுப்பில் இருந்ததால் நின்றுபோன வேலைகளைக் கணக்கில் சேர்க்காதீர்கள். அது சாவியின் பலம். எதுவுமே குறையவில்லையா? இன்னொரு வாரம் இருந்துவிட்டு வாருங்கள்.

கேள்வி: பெரிய கம்பெனிகளைக் கட்டியவர்கள் சகலமும் தெரிந்தவர்கள்தானே?
- கல்லூரி மாணவி, மதுரை

பதில்: ஜப்பானின் சொயிச்சிரோ ஹோண்டாவுக்குத் தெரிந்தது இஞ்சின். 1949-இல் தாக்கேயோ ஃபுஜிசாவா வந்து சேர்ந்ததும், விற்பனையையும் பணத்தையும் அவரிடம் விட்டார். தம் முத்திரையையே கொடுத்துவிட்டார். அந்த ஊரில் முத்திரைதான் கையெழுத்து. ஃபுஜிசாவா கல்லாவோடு நிற்கவில்லை. எளிய ஜனங்களுக்கு ஒரு சின்ன வண்டி வேண்டும், சாப்பாடு கொண்டுபோகும் பையன் ஒரு கையால் தட்டைப் பிடித்தபடி மறு கையால் ஓட்ட வேண்டும் என்று கேட்டார். கிளட்ச் லீவரே இல்லாமல் ஹோண்டா செய்துகொடுத்த அந்த வண்டிதான் 1958-இல் வந்த ‘சூப்பர் கப்’. 2017-இல் அதன் உற்பத்தி 10 கோடியைத் தொட்டது. என்ன வேண்டும் என்று ஒருவருக்குத் தெரிந்தது. எப்படிச் செய்வது என்று இன்னொருவருக்கு. 1973-இல் இருவரும் சேர்ந்தே ஓய்வு பெற்றார்கள்.

கேள்வி: கையெழுத்துப் போட்ட பிளாங்க் செக்குகளை மேனேஜரிடம் கொடுத்துவிட்டுத் திருப்பதி போகலாமா?
- மொத்த வியாபாரி, சேலம்

பதில்: போகலாம். வேண்டிக்கொள்ள ஒரு காரணம் கிடைக்கும். செக் திரும்பினால், மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138-ஆவது பிரிவு கையெழுத்துப் போட்டவரைத்தான் தேடி வரும். 2 ஆண்டு வரை சிறை, அல்லது செக் தொகையைப் போல இரண்டு மடங்கு வரை அபராதம், அல்லது இரண்டுமே. ‘ஹோண்டா கொடுத்தாரே’ என்பீர்கள். அவர் ஃபுஜிசாவாவிடம் கொடுத்தார்.

கேள்வி: நிட்டிங் முதல் பேக்கிங் வரை எல்லாவற்றையும் ஒரே கூரையின் கீழ் கொண்டுவர ஆசை. சரியா?
- பனியன் கம்பெனி வைத்திருப்பவர், திருப்பூர்

பதில்: உங்கள் ஊர் வளர்ந்ததே ஜாப் ஒர்க்கில்தான். நிட்டிங் ஒருவர், சாயம் ஒருவர், காம்பேக்டிங், பிரிண்டிங், பவர் டேபிள் என்று ஆளுக்கொரு வேலை. பையர், சாம்பிள், தரம், தேதி இந்த நான்கையும் நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் வெளியே கொடுத்துவிட்டால் தொல்லையும் வெளியே போய்விடும் என்று நினைக்காதீர்கள். 2011-இல் கழிவுநீர்ப் பிரச்சினையில் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னபோது, பட்டறை இல்லாதவரின் துணியும் சேர்ந்தே நின்றது. சாயம் போடத் தெரிய வேண்டாம். சாயத் தண்ணீர் எங்கே போகிறது என்று தெரிந்தால் போதும்.

கேள்வி: ஜி.எஸ்.டி. வேலையை ஆடிட்டரிடம் விட்டுவிட்டேன். ஓடிபி கேட்டால் சொல்வதோடு சரி. நிம்மதிதானே?
- ஹார்டுவேர் கடைக்காரர், திருச்சி

பதில்: மாதா மாதம் ஜி.எஸ்.டி.ஆர்-3பி ரிட்டர்ன் தாக்கல் செய்பவர்களுக்கு 20-ஆம் தேதி கடைசி நாள். தவறினால் தாமதக் கட்டணம் உங்கள் ஜி.எஸ்.டி. எண்ணில்தான் ஏறும். தாக்கல் செய்வது அவர் வேலை. ஓடிபி சொல்லுமுன் விற்பனைத் தொகையையும் வரித் தொகையையும் ஒரு பார்வை பார்ப்பது உங்கள் வேலை.

கேள்வி: ஒரே ஒரு ஆள் வைக்கத்தான் வசதி. எந்த வேலையை முதலில் கொடுப்பது?
- ஊறுகாய் தயாரிப்பவர், தேனி

பதில்: பிடிக்காத வேலையை அல்ல. தினமும் வருவது, ஒரே நாளில் சொல்லிக்கொடுக்கக் கூடியது, தவறினால் சரிசெய்ய முடிவது எதுவோ அதை. லேபிள் ஒட்டுவதைக் கொடுங்கள். உப்புப் போடும் கையைக் கொடுக்காதீர்கள்.

கேள்வி: கொடுத்த வேலையைப் பத்து நிமிடத்துக்கு ஒரு தரம் எட்டிப் பார்க்கிறேன். தப்பா?
- அச்சகம் வைத்திருப்பவர், சிவகாசி

பதில்: ஆராயாமல் நம்புவதும், நம்பிய பிறகு சந்தேகப்படுவதும் தீராத துன்பம் என்கிறார் வள்ளுவர். முதலாவதைச் செய்தவர்தான் இரண்டாவதையும் செய்வார். ஆளை எடுக்கும்போது கூடுதலாகப் பத்து நிமிடம் பேசியிருக்கலாம்.

கேள்வி: மச்சான் சும்மாதான் இருக்கிறார். மார்க்கெட்டிங்கில் போடச் சொல்கிறாள் மனைவி. என்ன செய்ய?
- பெயர் வேண்டாம், நாகர்கோவில்

பதில்: சம்பளம் கொடுங்கள், வேலை கொடுக்காதீர்கள். நஷ்டம் சம்பளத்தோடு நிற்கும்.