பாகற்காய் மாப்பிள்ளை

சொந்தபந்தத்தில் பாகற்காய் மாப்பிள்ளை என்று ஒருவர் கட்டாயம் இருப்பார். அவருக்குப் பாகற்காய் ஆகவே ஆகாது. இந்த ரகசியம் தெரிந்தவர்கள் இரண்டே பேர்: பெற்ற அம்மா, கட்டிய மனைவி. அம்மா வெளியூர். மனைவி சொல்ல மாட்டார். அவருக்கு இது ஒரு வேடிக்கை.

கல்யாணப் பந்தியிலும் மறுவீட்டு விருந்திலும் கசப்பு கூடாதென்று பாகற்காயை அண்டவிட மாட்டார்கள். அதனால் இரண்டிலும் தப்பினார். மாட்டிக்கொண்டது அடுத்த மாதம், மாமனார் வீட்டில் ஒரு சாதாரண ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டில். உருளைக்கிழங்கு வறுவலை அப்புறம் நிதானமாக ருசிக்கலாம், முதலில் இந்தச் சனியனை ஒழிப்போம் என்று பாகற்காய்ப் பொரியலை இரண்டே வாயில் உள்ளே தள்ளினார். பழுத்த விருந்தாளிகள் இந்தத் தப்பைச் செய்ய மாட்டார்கள். பிடிக்காததை அப்பளத்துக்கு அடியில் ஒதுக்கி, எழுந்திருக்கும்போது இலையோடு மடித்துவிடுவார்கள். சாப்பிட்ட இலையை மடிக்கும் வழக்கத்தைக் கொண்டுவந்தவரே அப்படி ஒரு விருந்தாளிதான் என்று எனக்குச் சந்தேகம். நம் ஆள் புதுசு. இலையில் இடம் காலியானதும் மாமியார் கரண்டியோடு வந்துவிட்டார்.

“மாப்பிள்ளைக்குப் பாகற்காய்னா ரொம்ப இஷ்டமோ?”

“ஆமாங்க அத்தை.”

அவ்வளவுதான். சின்ன மாமனார் வீடு, மச்சினன் வீடு, பெரிய பாட்டி வீடு என்று செய்தி பரவிவிட்டது. எங்கே போனாலும் பொரியல், புளிக்குழம்பு, பிட்லை. கோடை வந்தால் வத்தல் போட்டு, டப்பாவில் அடைத்து, ஊருக்கு வருகிறவர்களிடம் கொடுத்தனுப்புகிறார்கள். 1008 காய்கறியோடு திதிச் சாப்பாடு கேட்ட விசுவாமித்திரருக்கு, பாகற்காய் 100 காய்க்குச் சமம், பிரண்டை 300, பலா 600 என்று சொல்லி, மேலே எட்டுக் காயைச் சமைத்து வசிட்டர் வீட்டில் சமாளித்ததாகக் கதை உண்டு. அந்தக் கணக்கில் நம் மாப்பிள்ளை இதற்குள் கோயம்பேட்டையே காலி செய்திருப்பார்.

இத்தனை வருஷ அவஸ்தையில் அவர் நிஜமாகவே நிபுணராகிவிட்டதுதான் கொடுமை. பிடித்தவர்கள் பேசிக்கொண்டே தின்றுவிடுகிறார்கள். இவர் ஒவ்வொரு துண்டையும் எதிரியை எடைபோடுகிற மாதிரி கவனிக்கிறார். உப்புப் பிசறிப் பிழிந்தார்களா, மோரில் ஊறவைத்தார்களா, வெல்லத்தை அள்ளிப் போட்டு ஒப்பேற்றினார்களா, எல்லாம் முதல் துண்டிலேயே தெரிந்துவிடும். கண்ணை மூடிக்கொண்டு மிதிபாகலா கொம்புப் பாகலா என்று சொல்வார். தெருவில் யார் வீட்டில் பாகற்காய்க் குழம்பு கொதித்தாலும், பக்குவம் கேட்க ஒரு கிண்ணம் அவர் வீட்டுக்கு வந்துவிடும்.

சமீபத்தில் கொழுந்தியாளுக்குக் கல்யாணமாயிற்று. முதல் தடவை சாப்பிட வந்த புதுச் சகலை, எதிர் இலையில் மூச்சைப் பிடித்துக்கொண்டு பாகற்காயை முதலில் விழுங்கினார். அந்த விழுங்கல் என்ன விழுங்கல் என்பது நம்மவருக்குத் தெரியாதா? எச்சரிக்கத்தான் நிமிர்ந்தார் போலும். ஆனால் வாயில் வந்தது வேறு.

“அத்தை, இங்க வாங்க. தம்பி இலையைப் பாருங்க, எனக்கு மேல இருப்பார் போலிருக்கே!”